கடப்பாறை விழுமுன்...

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் மாதப் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



போன மாதக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, ரோட்டு வேலைக்குப் போகிற ஒரு தோழர் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். ரோட்டை அகலப்படுத்தப் பள்ளம் பறித்த இடத்தில் ஒரு பெரிய மண் தாழி வந்ததாம். உள்ளே எலும்பு. கிராம நிர்வாக அதிகாரி வந்தார், தாசில்தார் வந்தார், சுற்றிலும் கயிறு கட்டினார்கள். நாலு நாள் வேலை நின்றது. நாலு நாளும் கூலி இல்லை. "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்திச் செத்தவன் எலும்புக்கு இருக்கிற மரியாதை, உயிரோட இருக்கிறவன் வயித்துக்கு இல்லையா, தோழர்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அந்த இடத்தில் நின்றபடியே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "அடுத்த கூட்டத்தில் இதையே பேசுவோம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மாதமாகக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் பத்தாவது வரை படித்தவன். புதைபொருள் ஆராய்ச்சி படித்தவன் அல்ல. ஆனாலும் படித்ததை உங்களிடம் சொல்லவேண்டியது என் கடமை. தப்பு இருந்தால் திருத்துங்கள்.

முதலில் ஒரு பழைய சங்கதி. சிந்து வெளி நாகரிகம் என்று பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்களே, அதில் ஹரப்பா என்று ஓர் ஊர். நாலாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட நகரம். சுட்ட செங்கல்லால் கட்டிய நகரம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளைக்காரன் லாகூரிலிருந்து முல்தானுக்கு ரயில் பாதை போட்டான். தண்டவாளத்துக்கு அடியில் போட ஜல்லி வேண்டும். அந்தச் சமவெளியில் கல் ஏது? ஹரப்பா மேட்டில் செங்கல் மலைமலையாகக் கிடந்தது. காண்ட்ராக்டர்கள் வண்டி வண்டியாகப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் என்ற புதைபொருள் அதிகாரி 1872-73-ல் போய்ப் பார்த்துவிட்டு, ஏறக்குறைய 100 மைல் ரயில் பாதைக்கு இந்தச் செங்கல்லே ஜல்லியாகப் போயிற்று என்று எழுதி வைத்தார். அந்த மேடு என்ன மேடு என்று அவருக்கும் தெரியாது. 1921-ல் தயாராம் சாஹ்னி அங்கே தோண்டி, 1924-ல் ஜான் மார்ஷல் உலகத்துக்கு அறிவித்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் மேல் அடுக்கெல்லாம் ரயில் சக்கரத்துக்கு அடியில் பொடியாகிவிட்டது.

அந்த நகரத்துச் செங்கல்லை அறுத்துச் சுட்டது யார்? நம்மைப் போன்ற கூலிகள்தான். நாலாயிரம் வருஷம் கழித்து அதை உடைத்துக் கொட்டியதும் கூலிகள்தான். உடைத்தவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. "பாதை போடுமுன் இது என்ன மேடு என்று ஒரு தடவை பார்" என்று சொல்ல அன்று சட்டமும் இல்லை, கேட்பாரும் இல்லை.

பார்ப்பது எப்படி?

ரோடு, பாலம், ரயில் பாதை, அணை எதுவானாலும், வேலை தொடங்குவதற்கு முன்னால் அந்தத் தடத்தில் மண்ணுக்குள் பழைய ஊரோ, சுடுகாடோ, சூளையோ உண்டா என்று பார்ப்பதற்குத்தான் புதைபொருள் சர்வே என்று பெயர். இதில் பெரிய மாய மந்திரம் ஒன்றும் கிடையாது. பாதி வேலை நீங்களே செய்யக்கூடியது.

முதலில் காகிதம். பழைய நில வரைபடம், பழைய ரிக்கார்டு, முன்னால் அந்தப் பக்கம் ஆராய்ந்தவர்கள் எழுதிய புத்தகம், ஊர்ப் பெயர், வயல் பெயர். அடுத்தது மனிதர்கள். அந்த மண்ணை உழுதவர்கள், கிணறு வெட்டியவர்கள், ஆடு மேய்த்தவர்கள். எந்த வயலில் கொழு மாட்டுகிறது, எந்தத் திடலில் மழைக்குப் பிறகு ஓடும் பாசியும் மின்னுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதன் பிறகு நடை. ஆட்கள் வரிசையாக நின்று, நாற்று நடும்போது இடைவெளி விடுவதுபோல ஒரே இடைவெளி விட்டு, தரையைப் பார்த்தபடி தடம் முழுக்க நடப்பார்கள். கறுப்பு சிவப்பு ஓடு, சங்குத் துண்டு, இரும்புக் கசடு எது கிடந்தாலும் கிடந்த இடத்தைக் குறித்துக்கொள்வார்கள்.

ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தையும் பார்ப்பார்கள். அது எதற்கென்று கேட்கலாம். மண்ணுக்கடியில் பழைய சுவர் இருந்தால் அதன்மேல் நிற்கிற பயிர் சீக்கிரம் வாடும். பழைய குழி இருந்தால் அதன்மேல் பயிர் செழித்து வளரும். வரப்பில் நின்றால் தெரியாத கோடு மேலிருந்து பார்த்தால் தெரியும். மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி எங்கே தடைப்படுகிறது என்று அளக்கிற கருவியும் இருக்கிறது. கடைசியாகச் சோதனைக் குழி. இடம் விட்டு இடம் சிறு குழி வெட்டி, அடுக்கு அடுக்காக மண்ணைப் பார்ப்பார்கள். இவ்வளவும் ஆன பிறகு, ஒன்றும் இல்லையென்றால் வேலையைத் தொடங்கலாம். இருந்தால், தடத்தைக் கொஞ்சம் ஒதுக்கலாம். ஒதுக்க முடியாவிட்டால், முறையாகத் தோண்டி எடுத்துப் பதிவு செய்துவிட்டுப் பிறகு ரோடு போடலாம்.

பிரான்சு தேசத்தில் இதற்கென்றே 2001-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கட்டுகிறவன் கட்டணம் கட்டவேண்டும், அந்தப் பணம் முன்கூட்டி நடக்கும் ஆராய்ச்சிக்குப் போகும். 2002-ல் அதற்கென்று ஒரு சர்க்கார் ஸ்தாபனமே ஏற்படுத்தினார்கள். அமெரிக்காவில் 1956-ஆம் வருஷ நெடுஞ்சாலைச் சட்டத்திலேயே ரோட்டுப் பணத்தில் புதைபொருளை மீட்கச் செலவழிக்கலாம் என்று ஷரத்து உண்டு. 1966-ல் இன்னொரு சட்டம் வந்தது. மத்திய சர்க்கார் பணமோ அனுமதியோ உள்ள எந்த வேலைக்கும் முன்னால் பழஞ்சின்னங்களுக்குப் பாதகம் உண்டா என்று பார்த்தே ஆகவேண்டும் என்றது.

சட்டம் இருந்தால் போதுமா? அந்த அமெரிக்காவிலேயே நடந்ததைக் கேளுங்கள். இதற்காகத்தான் இன்று பேச வந்தேன்.

பாலத்துக்கு ஒரு பள்ளம்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் என்று ஒரு மாநிலம். தலைநகர் வாஷிங்டன் வேறு, இது வேறு. அங்கே ஹூட் கால்வாய் என்று ஒரு கடல் கிளை. பெயர்தான் கால்வாய், மனிதன் வெட்டியது அல்ல. தண்ணீர் மிக ஆழமானதால் தூண் நிறுத்தாமல், பெரிய பெரிய கான்கிரீட் மிதவைகளைக் கோத்து, நங்கூரம் போட்டு, மேலே ரோடு போட்டார்கள். ஒன்றரை மைல் நீளப் பாலம். 1961-ல் திறந்தார்கள். 1979 பிப்ரவரியில் அடித்த புயலில் மேற்குப் பாதி மூழ்கிவிட்டது. அதைத் திரும்பக் கட்டி 1982-ல் திறந்தார்கள். கிழக்குப் பாதி பழசாகிக்கொண்டே வந்தது. அதையும் மாற்றவேண்டும் என்று மாநிலப் போக்குவரத்து இலாகா முடிவு செய்தது.

மிதவை செய்ய ஓர் இடம் வேண்டும். கடலோரத்தில் பெரிய பள்ளம் வெட்டி, கடல் பக்கம் கதவு வைத்து, உலர்ந்த பள்ளத்துக்குள் கான்கிரீட் வார்த்து, முடிந்ததும் கதவைத் திறந்து தண்ணீர் விட்டால் மிதவை தானே மிதந்து வெளியே வரும். இதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் போர்ட் ஏஞ்சலஸ் என்ற துறைமுக ஊர். கடலோரத்தில் சுமார் 22 ஏக்கர் காலி மனை. முன்னால் அங்கே மர அறுவை ஆலை இருந்தது.

ஊர் ஜனங்களுக்கு இது பெரிய நம்பிக்கை. ஏனென்றால் அது ஆலைத் தொழிலாளர் ஊர். 1997-ல் அங்கே இருந்த பெரிய மரக்கூழ் ஆலையை முதலாளிகள் மூடிவிட்டார்கள். 365 பேர் ஒரே நாளில் தெருவில் நின்றார்கள். ஆலை மூடிய ஊர் எப்படி இருக்கும் என்று இங்கே உள்ள பஞ்சாலைத் தோழர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பாலத்து மிதவை வேலை வருகிறது என்றதும் ஊரே காத்துக் கிடந்தது.

சர்வே நடந்ததா? நடந்தது. 2002-ல் ஒரு தனியார் நிறுவனத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவர்கள் சில இடங்களில் குழி போட்டுப் பார்த்தார்கள். முக்கியமாக எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். காகிதத்தில் எல்லாம் சரி.

2003 ஆகஸ்டில் இயந்திரங்கள் இறங்கின. சில நாள்தான் ஆகியிருக்கும். கிளிஞ்சல் அடுக்கு வந்தது. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சிப்பி தின்று ஓட்டைக் கொட்டிய அடுக்கு. அதன் பின்னாலேயே மனித எலும்பு வந்தது. வேலை நின்றது.

அந்த இடம் எது தெரியுமா? சுவீட்சன் என்ற பழைய கிராமம். க்ளாலம் என்ற பூர்வகுடிகளின் ஊர். நாம் பள்ளிப் புத்தகத்தில் செவ்விந்தியர் என்று படித்தோமே, அவர்கள்தான். 2,700 வருஷம் பழமையான ஊர் அது. வீடுகள், அடுப்புகள், மீன் பிடிக்கிற சாமான்கள், செதுக்கிய எலும்புப் பொருள்கள், ஊருக்குப் பக்கத்தில் சுடுகாடு, எல்லாம் அந்தக் காலி மனைக்கு அடியில் கிடந்தன.

இது யாருக்கும் தெரியாத ரகசியமா? இல்லை, தோழர்களே. அந்தக் குடிகளின் வாரிசுகள் லோயர் எல்வா க்ளாலம் என்ற பெயரில் அதே ஊருக்குப் பக்கத்தில் இன்றும் வாழ்கிறார்கள். அங்கே ஊர் இருந்தது என்று அவர்கள் வீட்டுக் கிழவிகள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். 1927-ல் எர்னா குந்தர் என்ற பெண் ஆராய்ச்சியாளர் க்ளாலம் மக்களைப் பற்றி வெளியிட்ட நூலில் அந்தக் கிராமத்தின் பெயர் இருக்கிறது. புத்தகத்தில் இருந்தது, கிழவி வாயில் இருந்தது. சர்வே அறிக்கையில் இல்லை. குழி போட்டவர்களின் கடப்பாறை, ஆலைக்காரர்கள் பிற்காலத்தில் கொட்டி உயர்த்திய மண்ணைத் தாண்டிப் போய்ப் பழைய தரையைத் தொடவில்லை. சர்வே செய்தவர்கள் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்த்த இடத்தில் இல்லை என்று எழுதினார்கள். பார்க்கவேண்டிய இடத்தையும் கேட்கவேண்டிய ஆளையும் விட்டுவிட்டார்கள். பாலம் பழசு, சீக்கிரம் முடிக்கவேண்டும் என்ற அவசரம் எல்லோர் கழுத்தையும் பிடித்துத் தள்ளியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தன் பாட்டனைத் தானே தோண்டியவர்கள்

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். எலும்பு வந்த உடனே அந்தப் பூர்வகுடிகள் "பாலம் வேண்டாம், போ" என்று சொல்லிவிடவில்லை. அவர்களும் ஏழைகள். அவர்கள் பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும். பேச்சுவார்த்தை நடந்தது. 2004 மார்ச்சில் ஒப்பந்தம் ஆயிற்று. எலும்புகளை மரியாதையாக எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்வது, அதற்குச் சர்க்கார் பணம் கொடுப்பது, வேலையும் தொடர்வது என்று முடிவு. கொஞ்சம் சடலங்கள்தான் இருக்கும் என்று இரண்டு தரப்பும் நினைத்தார்கள்.

தோண்டும் வேலைக்கு ஆராய்ச்சியாளர்களோடு அந்தக் குடி ஆண்களும் பெண்களும் கூலிக்கு அமர்த்தப்பட்டார்கள். நினைத்துப் பாருங்கள். மணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு, தன் பாட்டன் பூட்டன் எலும்பைத் தானே தூரிகையால் மண் துடைத்து எடுக்கவேண்டும். கன்னத்தில் செங்காவி பூசிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்கள். செத்தவர்களால் தீங்கு வராமல் இருக்க அது அவர்கள் வழக்கம். எடுத்த எலும்பை வைக்க தேவதாரு இனத்து மரத்தில் கையாலேயே பெட்டி செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி.

பெட்டி போதவில்லை. பத்து வந்தது, ஐம்பது வந்தது, நூறு வந்தது. கடைசியில் முழுசாக எடுத்த சடலங்கள் மட்டும் 330-க்கு மேல். சிதறிய துண்டுகள் அந்தக் கணக்கில் சேராது. தாயும் பிள்ளையும் ஒன்றாகக் கிடந்தார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த அம்மை நோயில் கூட்டமாக மடிந்தவர்களும் இதில் இருக்கவேண்டும் என்று சிலர் கருதினார்கள்.

ஆலைத் தோழர்களே, அடுத்து வருவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. சில எலும்புக்கூடுகளின் குறுக்கே பழைய ஆலையின் குழாய் ஓடியது. 1914 வாக்கில் அந்தக் கடலோரத்தில் பெரிய மர ஆலை கட்டியபோது, குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டியவர்கள் மனித உடல்களுக்கு நடுவே வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். தோண்டிய மண்ணையும் எலும்பையும் சேர்த்தே பள்ளத்தை மூடியிருக்கிறார்கள். பள்ளம் வெட்டியவனும் ஒரு கூலிக்காரன்தானே. அவன் கண்ணால் பார்த்திருக்கவேண்டும். மேஸ்திரி "மூடு" என்று சொல்லியிருப்பான், மூடியிருப்பான். அதன்மேல் ஆலை ஓடியது.

நான் பார்த்த தாழி

இதைப் படித்தபோது என் பழைய கதை ஞாபகத்துக்கு வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

பத்தாவது முடித்து வேலை இல்லாமல் இருந்த காலத்தில், தெற்கே ஒரு ரோட்டு வேலையில் மஸ்டர் எழுதப் போனேன். யார் வந்தார்கள், எத்தனை லாரி மண் போயிற்று என்று நோட்டில் எழுதுகிற வேலை. ஒருநாள் காலையில் இயந்திரம் வாரிய மண்ணில் தாழி வந்தது. ஒன்று இல்லை, வரிசையாக நாலைந்து. வாய் உடைந்து, உள்ளே மண்ணும் எலும்பும் சின்னச் சின்னக் கலயமும். சூப்பர்வைசர் ஓடி வந்தார். "தாசில்தாருக்குத் தெரிஞ்சா வேலை நிக்கும்லே. உடைச்சு மண்ணோட தள்ளு" என்றார்.

அங்கே மண் சுமந்துகொண்டிருந்த ஒரு ஆத்தா, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். "யாரு பெத்த புள்ளையோ" என்றாள். ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி அந்தத் தாழிக்குள் போட்டாள். "ஏ கிழவி, கூலி வேணுமா வேண்டாமா?" என்று சத்தம் வந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மஸ்டர் நோட்டில் அன்று எத்தனை லாரி மண் போயிற்று என்று எழுதினேன். தாழியைப் பற்றி எழுதவில்லை. அந்த மண் எந்தப் பள்ளத்தில் கொட்டப்பட்டது என்றும் இன்று எனக்குத் தெரியாது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், போன மாதம் கேள்வி கேட்ட தோழருடைய கோபம் எனக்குப் புரியாத கோபம் இல்லை. அன்று வேலை நின்றிருந்தால் என் கூலியும் நின்றிருக்கும். அந்தப் பயத்தில்தான் என் வாய் மூடியது.

யாருக்கு நஷ்டம்?

திரும்பப் போர்ட் ஏஞ்சலஸுக்கு வருவோம். 2004 டிசம்பரில் அந்தக் குடியின் தலைவி பிரான்சஸ் சார்லஸ், இனி முடியாது, நிறுத்துங்கள் என்று சர்க்காருக்கு எழுதினார். டிசம்பர் 21-ந் தேதி, போக்குவரத்து இலாகாவின் தலைவர் டக் மெக்டொனால்டு, அந்த இடத்தில் வேலையைக் கைவிடுவதாக அறிவித்தார். அதற்குள் சுமார் 6 கோடி டாலர் மண்ணோடு மண்ணாகியிருந்தது. பின்னால் எல்லாச் செலவையும் கூட்டியபோது கணக்கு இன்னும் ஏறியது. முன்னாலேயே கொஞ்சம் பணமும் கொஞ்சம் மாதமும் செலவழித்து ஒழுங்காக சர்வே செய்திருந்தால், அந்த இடத்தை விட்டு வேறு இடம் பார்த்திருப்பார்கள்.

ஊரில் என்ன நடந்தது? மிதவை வேலை டக்கோமா என்ற வேறு ஊருக்குப் போய்விட்டது. வேலைக்குக் காத்திருந்த வெள்ளைத் தொழிலாளிகளுக்குக் கசப்பு. "செத்துப்போனவர்களுக்காக எங்கள் வேலையைப் பறித்துவிட்டார்கள்" என்று பூர்வகுடிகள் மேல் கோபம். கடை வீதியிலும் பள்ளிக்கூடத்திலும் கூட அந்தப் பகை தெரிந்தது. பார்த்தீர்களா? 1997-ல் ஆலையை மூடியது பூர்வகுடி அல்ல. அவசர சர்வே செய்ததும் அவன் அல்ல. ஆனால் வசவு வாங்கினது அவன். வேலை இல்லாத ஒருவன், நிலம் பறிபோன இன்னொருவனைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

நிலம் பறிபோன கதையும் சின்னது அல்ல. 1855-ல் ஓர் ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கி அவர்கள் பூமியை எடுத்துக்கொண்டார்கள். 1913-ல் எல்வா நதியில் மின்சாரத்துக்கு அணை கட்டினார்கள். மீன் ஏறிப் போக வழி விடவில்லை. சால்மன் மீனை நம்பி வாழ்ந்த குடிக்கு அதோடு வயிறும் போயிற்று. 2011-ல் தொடங்கி அந்த அணையையும் மேலே இருந்த இன்னோர் அணையையும் இடித்தார்கள், நூறு வருஷம் கழித்து.

2006 ஆகஸ்டில் சர்க்காரும், குடிகளும், நகரசபையும், துறைமுகமும் சமரச ஒப்பந்தம் போட்டார்கள். சுடுகாட்டு நிலம் குடிகளிடம் திரும்ப வந்தது. 2008 செப்டம்பரில் அந்த மரப்பெட்டிகளை எடுத்துவந்து, எடுத்த மண்ணிலேயே திரும்ப அடக்கம் செய்தார்கள். பாலத்தின் கிழக்குப் பாதி 2009-ல் திறந்தது. பாலமும் நிற்கிறது, சுடுகாடும் நிற்கிறது. இரண்டும் முதலிலேயே முடிகிற காரியம்தான்.

நம் ஊர்ச் சங்கதி

நம் தேசத்தில் இது எப்படி? 1958-ல் போட்ட புராதனச் சின்னங்கள் சட்டம் இருக்கிறது. 2010-ல் திருத்தி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டக்கூடாது, அதற்கு மேல் 200 மீட்டர் அனுமதி வாங்கித்தான் கட்டவேண்டும் என்றார்கள். நல்லதுதான். ஆனால் பாதுகாக்கப்பட்டது என்று அறிவித்த சின்னத்துக்குத்தான் இது. அறிவிக்காத திடலுக்கும், பெயர் தெரியாத தாழிக்காட்டுக்கும் அந்த எல்லைக்கோடு கிடையாது.

முன்கூட்டிப் பார்த்த நல்ல உதாரணமும் உண்டு. கிருஷ்ணா நதியில் நாகார்ஜுனசாகர் அணை வருகிறது என்றதும், தண்ணீரில் மூழ்கப்போகிற நாகார்ஜுனகொண்டாவில் 1954-லிருந்து 1960 வரை தோண்டினார்கள். சில பழைய கட்டிடங்களைக் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் திரும்பக் கட்டினார்கள். அந்தக் கல்லைச் சுமந்தவர்கள் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை என்பது வேறு விஷயம்.

கீழடியைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். 2013-14-ல் வைகைக் கரை நெடுகச் சர்வே செய்து 293 இடங்களைக் குறித்தார்கள். அதில் ஒன்றுதான் கீழடி. ஆனால் அதற்கு நாற்பது வருஷம் முன்னால், 1970-களில், அங்கே கிணறு தோண்டியபோது வந்த பழம்பொருளைப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முதலில் பார்த்தது யார்? கிணறு வெட்டினவனுடைய மண்வெட்டி.

இனிக் கூலிக் கேள்வி. தோழரே, நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்கள், பார்க்கிறேன். பெரிய ரோடு, பாலத்துக்கு உலகம் முழுக்கப் புழங்குகிற ஒரு மாதிரி காண்ட்ராக்ட் இருக்கிறது. அதில் புதைபொருள் கிடைத்தால் என்ன செய்வது என்றே ஒரு ஷரத்து. கிடைத்ததும் காண்ட்ராக்டர் இன்ஜினீயருக்குத் தெரிவிக்கவேண்டும். வேலை தாமதமானால் காண்ட்ராக்டருக்குக் கூடுதல் காலமும் கிடைக்கும், ஆன செலவும் கிடைக்கும். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எலும்பு வந்தால் முதலாளிக்கு நஷ்டமில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். தினக்கூலிக்கு எழுதத்தான் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

உங்கள் வேலைக்கு எந்த ஒப்பந்தம், அதில் என்ன ஷரத்து என்று சங்கத்தின் மூலம் நகல் கேட்போம். வேலை நின்ற நாலு நாளுக்கும் கூலி கேட்டு மனு எழுதுவோம். அந்தத் தாழி வந்த இடத்தில் சோதனைக் குழி போடவும், ஓடு பொறுக்கவும், மண் சலிக்கவும் ஆள் வேண்டும். வெளியூர் ஆளைக் கொண்டுவராமல் அதே கூலிகளை அமர்த்தச் சொல்லுவோம். சலிக்கிற கைக்கு மண் சுமக்கிற கையைவிடக் குறைந்த கூலி கொடுக்க நியாயம் இல்லை.

இன்னொன்று. 1878-ஆம் வருஷப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பொருளைக் கண்டெடுத்தவன் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. "உடைச்சுத் தள்ளு" என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. தாழியைப் பார்த்ததும் தேதி, இடம், யார் யார் கூட இருந்தார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, கிராம நிர்வாக அதிகாரியிடம் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் சங்க ஆபீசுக்கு வாருங்கள். நான் எழுதித் தருகிறேன். அன்று எழுதாமல் விட்டதை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

மனு வாசகத்தை இன்றே பேசி முடித்துவிடலாம். ரோட்டு வேலைத் தோழர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். அந்த நாலு நாளும் எந்தத் தேதிகள்?